பாண், சம்பல், பெருச்சாளி

ஜுமானா கொடியைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை மணலைப் பிளந்துகொண்டு, சர்க்கரைவள்ளி என்றும் சொல்லும் வத்தாளங்கிழங்குகள் கொத்தாக மேலே வந்தன. சிவந்த தோல், நல்ல பருமன். ஒன்றைக் கையில் எடுத்து லேசாக அமுக்கினாள். விரல் ‘டப்’ என்று உள்ளே போய்விட்டது.

உள்ளே கிழங்கே இல்லை. வெறும் தோல்தான்.

“வாப்பா! இதையும் தின்னுட்டு சட்டையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு!”

வாப்பா இஸ்ஹாக் பாத்தியோரம் குந்தியிருந்தார். அவர் கையிலும் அதே மாதிரி ஒரு தோல். மாம்புரியில் எல்லோரும் வெங்காயம் போட்டபோது, இந்த முறை வத்தாளங்கிழங்கு போடுவோம் என்று துணிந்தவர் அவர். பெருச்சாளிகளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

பெருச்சாளி என்றால் வீட்டில் ஓடும் சின்ன எலி இல்லை. நல்ல கொழுத்த பெருச்சாளி ஒரு பூனைக்குட்டியைத் தள்ளிவிட்டு நடக்கும். பகலில் மணலுக்குள்ளே தூங்கும், இருட்டியதும் விருந்துக்கு வரும்.

“மருந்துதான் மச்சான் ஒரே வழி!”

அடுத்த தோட்டத்திலிருந்து குரல் வந்தது. அத்தாஉல்லா மாமா கம்பி வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். அவர் உம்மாவின் மூத்த சகோதரர். மாமா கதைக்கத் தொடங்கினால் கடற்கரைக் காற்றாலைகூட நின்று கேட்கும் என்று உம்மா சொல்வார்.

“தேங்காய்ச் சொட்டுல மருந்தைக் கலந்து வளை வாசல்ல வைப்பம். உங்கட பக்கமும் வைப்பம், என்ட பக்கமும் வைப்பம். முடிஞ்சுது கதை.”

“போன வருஷமும் அப்படித்தான் வச்சீங்க, மாமா,” என்றாள் ஜுமானா. “பெருச்சாளி சாகல்ல. எங்கட சீனிதான் செத்துப் போச்சு.”

சீனி என்பது ஒரு ஆட்டுக்குட்டி. தாய் ஆடு பால் கொடுக்க மறுத்ததால், உம்மாவும் ஜுமானாவும் போத்தலில் பால் கொடுத்து வளர்த்த குட்டி. வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த தேங்காய்ச் சொட்டு அதற்கு மிகவும் ருசியாக இருந்திருக்க வேண்டும்.

மாமாவின் முகம் சுருங்கியது. “பெரியவங்க கதைக்கிற இடத்துல சின்னவங்களுக்கு என்ன வேலை?”

“பெரியவங்க யாரும் அதைச் சொல்லல்லையே. அதுதான் நான் சொன்னேன்.”

வாப்பாவுக்கு அவசரமாக இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மகளைப் பார்த்தார். அவர் கண்கள் களைத்திருந்தன.

“சரி மகள், மருந்து வேணாம். வேற என்ன செய்யலாம்? நீயே சொல்லு.”

வாப்பா உண்மையாகவே கேட்டார். அதனால் ஜுமானாவும் உண்மையாகவே யோசித்தாள்.

“நாய் வைப்பம், வாப்பா. வேட்டை நாய்.”

மாமா சிரித்த சிரிப்பில் தென்னையிலிருந்த காகம் பறந்துபோனது. “வேட்டை நாயா? இந்த ஊர்ல மீன் தலைக்கு அடிபடுற நாய்தான் இருக்கு! வேட்டை நாய்க்கு எங்க போவாய்?”

“நுரைச்சோலைக்கு,” என்றாள் ஜுமானா.

அங்கே வேட்டை நாய் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

*

நுரைச்சோலையில் ஜுமானாவின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே சாருமதி அக்காவின் வீடு இருந்தது. சாருமதி அக்கா உடப்பு ஊரைச் சேர்ந்தவர். மிருக வைத்தியர் அலுவலகத்தில் வேலை செய்தார். வாகனத்தில் அடிபட்ட நாய்கள், யாரோ சாக்கில் கட்டி வீசிய குட்டிகள், எல்லாவற்றையும் தூக்கிவந்து தன் வளவில் வைத்துச் சுகமாக்குவார். தடுப்பூசி போடுவார். பிறகு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பார்.

ஜுமானா தினமும் அந்தப் படலையடியில் நின்று நாய்களைப் பார்ப்பாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படலையைத் தட்டினாள்.

“அக்கா, உங்ககிட்ட வேட்டை நாய் இருக்கா?”

சாருமதி அக்கா சிரித்துவிட்டார். “என்னட்டையா? பயந்த நாய் இருந்தது, சோம்பேறி நாய் இருந்தது. எல்லாம் வீடு போய்ச் சேர்ந்திட்டுது, தங்கச்சி. எனக்கு அடுத்த மாசம் அனுராதபுரத்துக்கு மாற்றம். இப்ப மிச்சம் இருக்கிறது ரெண்டு குழப்படிக்காரர்தான். அதுகளை ஒருத்தருக்கும் வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“அங்க பாரும்.”

வளவின் மூலையில் மணல் ஊற்றுப்போல் பறந்துகொண்டிருந்தது. மணலுக்கு நடுவே ஒரு வால் மட்டும் தெரிந்தது. அது பேக்கரியில் சுட்ட ரொட்டியின், நல்ல பாணின், நிறம். தோண்டுகிறவனின் பெயரும் பாண்தான். அவனுக்குச் சற்றுத் தள்ளி, செம்பட்டை நிறத்தில் மெலிந்த ஒரு பெட்டை நாய், ஒரு முன்காலைத் தூக்கியபடி, மூச்சுக்கூட விடாததுபோல நின்றது. அவள் சம்பல், பாணோடு சேர்த்துத் தின்னும் தேங்காய்ச் சம்பலின் பெயரைக்கொண்ட அவனுடைய தங்கச்சி.

“முந்தல் பக்கத்தில கைவிட்ட இறால் பண்ணை ஒன்றில கிடந்ததுகள்,” என்றார் சாருமதி அக்கா. “தாய் இல்லை. எலி பிடிச்சுத் தின்றுதான் உயிரோட இருந்திருக்குதுகள். ஒரு விடுதிக்காரர் கொண்டுபோனார். பூந்தோட்டம் முழுக்கக் கிண்டிப்போட்டுதுகள் என்று திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு ஒரு ஆசிரியர் கொண்டுபோனார். சம்பல் ஒரு எலியைப் பிடிச்சு, அன்பாக அவருடைய தலையணையில கொண்டுபோய் வைச்சிருக்கிறாள். அவர் அன்றைக்கே வந்திட்டார்.”

“கிண்டுது. எலி பிடிக்குது. இதுக்காகவா திருப்பித் தந்தாங்க?”

“ஓம்.”

ஜுமானா படலையைப் பிடித்துக்கொண்டு அந்த இரண்டு நாய்களையும் நெடுநேரம் பார்த்தாள்.

“அக்கா, இவங்களை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க,” என்றாள்.

*

நாய் வைப்பது ஒரு முஸ்லிம் வீட்டில் லேசான விஷயம் இல்லை என்பது ஜுமானாவுக்குத் தெரியும். அதனால் அன்று பின்னேரம் குர்ஆன் ஓதப் போன இடத்தில் கையை உயர்த்தினாள்.

“மௌலவி, நாய் வைக்கலாமா?”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த அஸ்ரியா அவளுடைய உடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

மௌலவி அவளைக் கூர்ந்து பார்த்தார். “சும்மா ஆசைக்கு வீட்டுல வச்சுக் கொஞ்சுறதுக்குக் கூடாது. வேட்டைக்கு வைக்கலாம். ஆடு மாட்டுக்கும் தோட்டத்துக்கும் காவலுக்கு வைக்கலாம்.”

“பெருச்சாளி பிடிக்கிறதும் வேட்டைதானே, மௌலவி?”

மௌலவி தாடியைத் தடவினார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. “வேட்டைதான்.”

“தோட்டத்துல வச்சுப் பிடிச்சா, அது தோட்டக் காவலும்தானே?”

“ஓம், அப்படியும் சொல்லலாம்.”

“அப்ப ரெண்டு காரணம் இருக்கு!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மௌலவியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை உயர்த்தினார். “ஆனா அது வேலை செய்யுற நாயா இருக்கணும். அதுட வாய் பட்ட இடத்தைச் சட்டப்படி மண் போட்டு, ஏழு தரம் கழுவணும். வாயில்லாப் பிராணியைப் பட்டினி போடவும் கூடாது, அடிக்கவும் கூடாது.”

“இன்னொருக்காச் சொல்லுங்க, மௌலவி. அஸ்ரியா வடிவாக் கேக்கட்டும். எங்கட வீட்டுல சாட்சி கேப்பாங்க.”

*

வீட்டில் சாட்சி கேட்கவில்லை. ஆனால் வேறு எல்லாம் கேட்டார்கள்.

“எங்க படுக்கும்?” என்றார் வாப்பா.

“தோட்டத்துல, பம்ப் கொட்டில்ல. வீட்டுப் பக்கம் வராது.”

“யாரு சாப்பாடு குடுக்கிற?”

“நான்.”

“யாரு கழுவுற?”

“நான். வாளியும் மணலும் கொட்டிலுக்குப் பக்கத்துலயே வச்சிட்டேன்.”

உம்மா ஸுஹைரா அகப்பையைக் கேடயம்போல் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார். சின்ன வயதில் ஒரு நாய் துரத்தியதிலிருந்து, நாயின் படத்தைப் பார்த்தாலே உம்மா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொள்வார். “நாய் இந்தப் பக்கம் வந்தா நான் அந்தப் பக்கம் போயிடுவன். இப்பவே சொல்லிட்டன்,” என்றார்.

வாப்பா ஒரு விரலைக் காட்டினார். “சரி. ஒரு நாய். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பம். வேலை செய்யாட்டித் திருப்பிக் குடுக்கணும். பிறகு மருந்து வேணாம் எண்டு நீ சொல்லக்கூடாது.”

“அதுங்க ரெண்டு, வாப்பா. அண்ணனும் தங்கச்சியும்…”

“ஒண்டு!”

ஜுமானா சரி என்று தலையாட்டினாள். ஒன்று கிடைத்தால் முதலில் அந்த ஒன்றை வாங்கவேண்டும். மற்றதற்குப் பிறகு சண்டை பிடிக்கலாம்.

*

வாப்பாவோடு லொறியில் வந்து இறங்கிய அன்றே பாண் வேலையைத் தொடங்கிவிட்டான். முதல் வளையைக் கண்டதும் அவன் தலை உள்ளே போனது, பிறகு தோள், பிறகு பாதி உடம்பு. மணல் பறந்தது. வேடிக்கை பார்க்க வந்த அத்தாஉல்லா மாமாவின் வெள்ளைச் சேர்ட் முழுவதும் மணல்.

பாண் தோண்டிக்கொண்டே இருந்தான். அவனுக்குப் பின்னால், நாலைந்து எட்டுத் தள்ளி, மணல் மெல்ல அசைந்தது. ஒரு கறுத்த மூக்கு எட்டிப் பார்த்தது. பிறகு ஒரு கொழுத்த பெருச்சாளி நிதானமாக வெளியே வந்து, பாணின் வாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாமாவின் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உன்ட வேட்டை நாய் அதுக்கு வீடு திருத்திக் குடுக்குது, புள்ள!”

மறுநாளும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. பாண் சாப்பாட்டையும் குறைத்துவிட்டான். தோண்டி முடித்ததும் நுரைச்சோலை இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, மூக்கால் மெல்ல அழுதான்.

ஜுமானாவுக்கும் அழுகை வரப் பார்த்தது. ஆனால் மாமா வேலியடியில் நின்றதால், அழுகையிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அழுவதற்குப் பதிலாக, மணலில் குந்தியிருந்து வளைகளைப் பார்த்தாள். விடியும்போது பார்த்தாள், பள்ளிவிட்டு வந்தும் பார்த்தாள்.

பெருச்சாளியின் வீட்டுக்கு ஒரு வாசல் இல்லை, பல வாசல்கள். பெரிய வாசலுக்கு முன்னால் மண் குவிந்திருக்கும். மற்ற வாசல்களை உள்ளிருந்தபடியே லேசான மணலால் மூடிவைத்திருக்கும். ஆபத்து வந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு ஓடிவிடும். ஜுமானா கண்டுபிடித்த ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஈர்க்கைக் குத்திவைத்தாள்.

பாண் தோண்டுவதில் பிழை இல்லை. ஓடும் வாசலில் ஆள் இல்லை என்பதுதான் பிழை.

வியாழக்கிழமை பின்னேரம், அந்த வாசலில் ஜுமானாவே ஒரு ஓலைக் கடகத்துடன் நின்று பார்த்தாள். பெருச்சாளி வந்தது. ஜுமானா கடகத்தைக் கவிழ்த்தாள். பெருச்சாளி அவள் காலுக்கு நடுவால் ஓடியது. ஜுமானா பாத்திக்குள் விழுந்தாள். கடகம் அவள் தலையில் விழுந்தது.

கடகத்துக்குள் இருந்தபடியே அவளுக்கு ஒரு படம் தெரிந்தது. அண்ணன் தோண்ட, தங்கச்சி ஒரு காலைத் தூக்கியபடி, மூச்சுக்கூட விடாமல் நிற்கும் படம்.

*

வெள்ளிக்கிழமை. வாப்பா தேங்காய் ஏற்றிக்கொண்டு புத்தளத்துக்குப் போயிருந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு நீல வாளி, மேலே ஒரு பழைய தகரம் மூடியிருந்தது.

“தவணை முடிஞ்சுது, புள்ள. பின்னேரம் அஸர் தொழுதுட்டு வந்து ரெண்டு பக்கமும் வைக்கப்போறன். நாயைக் கட்டி வை. இல்லாட்டி அதுவும் போய்ச் சேரும்.”

அவர் போனதும் ஜுமானா குசினிக்குப் போனாள். உம்மா திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“உம்மா, நான் நுரைச்சோலைக்குப் போறன். சம்பலைக் கூட்டிட்டு வரப்போறன். களவாப் போகல்ல. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போறன்.”

உம்மா நிமிரவில்லை. “வாப்பா ஒரு நாய் எண்டுதானே சொன்னார்?”

“ஓம். அது பிழை. ஒண்டு தோண்டினா மற்றது பிடிக்கணும். வளைக்கு ரெண்டு பக்கம் இருக்கு, உம்மா! நான் பார்த்தேன். மருந்து வச்சா பெருச்சாளி தின்னாது. அது கெட்டிக்காரன். இன்னொரு சீனிதான் தின்னும்.”

திருவலை நின்றது. உம்மா வெளியே, சீனியைக் கட்டியிருந்த பழைய கட்டையைப் பார்த்தார்.

“உன்னைத் தனியாப் போக விட ஏலாது,” என்றார்.

“உம்மா!”

“அதைத்தான் சொல்றன். தனியாப் போக விட ஏலாது. அந்தக் குடையை எடு.”

*

போகும்போது பஸ் கிடைத்தது. சாருமதி அக்கா சம்பலின் கழுத்தில் கயிற்றைக் கட்டி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இனி திருப்பிக் கொண்டுவராதீங்கோ,” என்றார்.

“கொண்டுவர மாட்டோம்,” என்றாள் ஜுமானா.

திரும்பும்போது பஸ்காரர் கையை விரித்தார். சந்தியில் நின்ற றிஸ்மினின் முச்சக்கர வண்டியும் அப்படித்தான். “மாமி, உங்களை ஏத்துறன். நாயை ஏத்த ஏலாது,” என்றான் அவன்.

ஜுமானா உம்மாவைப் பார்த்தாள். உம்மா வெயிலைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு தன் கைத்தொலைபேசியை எடுத்து வாப்பாவை அழைத்தார்.

“ரெண்டாவது நாயையும் கூட்டிட்டு வாறன்,” என்றார். “கேக்க எடுக்கல்ல. சொல்லத்தான் எடுத்தன்.”

“நீயா? நாயையா?” என்று வாப்பாவின் குரல் கேட்டது.

“பாணை மட்டும் வச்சிருந்து என்ன செய்யுற? சம்பல் வேணாமா?” என்று சொல்லிவிட்டு உம்மா தொலைபேசியைப் பைக்குள் போட்டார்.

அவர்கள் நடந்தார்கள். முன்னால் சம்பல், கயிற்றைப் பிடித்தபடி ஜுமானா, தெருவின் அடுத்த ஓரத்தில் உம்மா. நாய்க்கும் தனக்கும் நடுவில் குடையை ஒரு வேலிபோலப் பிடித்துக்கொண்டு உம்மா நடந்தார். பின்னால் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி சின்னதாகிக்கொண்டே வந்தது.

கடை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சைக்கிளில் போனவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். மாம்புரிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

“என்ன ஸுஹைரா, நாயோட எங்க ஊர்கோலம்?”

ஜுமானாவுக்கு முகம் சுட்டது. ஆனால் உம்மா நிற்கவும் இல்லை, குனியவும் இல்லை.

“வேட்டைக்கு!” என்றார், கடை முழுவதற்கும் கேட்கும்படி.

*

அவர்கள் வந்து சேர்ந்தபோது அத்தாஉல்லா மாமா வேலி இடைவெளியில் நின்றார். நீல வாளியின் தகரம் திறந்திருந்தது.

“நானா, எங்கட பக்கம் வைக்க வேணாம்,” என்றார் உம்மா தன் அண்ணனிடம்.

“அப்ப என்ட பக்கம் வைக்கிறன்.”

“போன வருஷம் உங்கட பக்கம் வச்சதைத் தின்னுதான் எங்கட குட்டி செத்தது.”

“ஸுஹைரா, நீ இதுக்குள்ள…”

“நான் பால் குடுத்து வளத்த குட்டி, நானா. அண்டைக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. இண்டைக்குச் சொல்றன்.” உம்மா குடையை மடக்கி, வேலி இடைவெளியின் குறுக்கே நீட்டினார். “இதைத் தாண்டி அந்த வாளி வரக்கூடாது.”

தங்கச்சி தனக்கு முன்னால் இப்படி நிற்பதை மாமா ஒருநாளும் பார்த்ததில்லை.

“பொழுதுபட்டு மஃரிப் ஆகுறவரைக்கும் பொறுங்க, மாமா,” என்றாள் ஜுமானா. “ஒரு வளை. ஒரே ஒரு வளை பாருங்க.”

“மஃரிப் வரைக்கும்தான்,” என்று மாமா வாளியை வைத்தார்.

ஜுமானா பாணை அவிழ்த்துவிட்டாள். அவன் சம்பலைக் கண்டான். அவ்வளவுதான்! இரண்டும் கட்டிப் புரண்டன, தென்னையைச் சுற்றிச் சுற்றி ஓடின, வத்தாளைக் கொடிக்குள் குட்டிக்கரணம் போட்டன.

“வேட்டை முடிஞ்சுதா?” என்றார் மாமா.

ஜுமானா, நாய்கள் விளையாடட்டும் என்று விட்டுவிட்டு, தேங்காய் மட்டைகளை அள்ளிவந்தாள். ஈர்க்குக் குத்திய வாசல்களை ஒவ்வொன்றாக மட்டையால் இறுக அடைத்தாள். இரண்டை மட்டும் விட்டாள்.

பாணைக் கூப்பிட்டுப் பெரிய வாசலைக் காட்டினாள். அவன் மூக்கை நுழைத்தான். வால் விறைத்தது. மணல் பறந்தது.

சம்பலுக்கு ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. அவள் மணலை மோந்தபடி நடந்து, திறந்திருந்த மற்ற வாசலுக்கு முன்னால் நின்றாள். ஒரு முன்காலைத் தூக்கினாள். பிறகு அசையவே இல்லை.

மணல் மெல்ல நடுங்கியது. கறுத்த மூக்கு எட்டிப் பார்த்தது.

ஜுமானா கண்ணை மூடினாள். ஒரு ‘லபக்’. திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சம்பல் பெருச்சாளியை மணலில் போட்டுவிட்டு, மறுபடியும் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஜுமானாவுக்கு அந்தப் பெருச்சாளிக்காகக் கொஞ்சம் மனம் நோகத்தான் செய்தது. ஆனால் அது வயிறு எரியத் துடிக்கவில்லை. சீனி துடித்தது.

“ஒண்டு தற்செயலாக் கிடைக்கும்,” என்றார் மாமா. ஆனால் அவர் வேலிக்குக் கிட்டே வந்துவிட்டார்.

இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தது. மாமா தற்செயலைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

திடீரென்று உம்மா அலறினார். ஜுமானா காணாமல் விட்ட ஒரு வாசல் உம்மாவின் காலடியிலேயே திறந்துகொண்டது! உம்மா யோசிக்கவில்லை. குடையைத் தலைகீழாகப் பிடித்து அந்த ஓட்டையில் சொருகினார். உள்ளேயிருந்து ஏதோ குடையைத் தள்ளியது. உம்மா குடையைத் தள்ளினார்.

“சம்பல்! இஞ்ச வா! கெதியா வா!”

நாயைக் கண்டால் காலைத் தூக்கும் உம்மா, நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

சம்பல் பாய்ந்து வந்தாள். ஆனால் அந்தப் பெருச்சாளி எல்லாவற்றிலும் பெரியது. குடையையும் உம்மாவையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, வேலிக்குக் கீழால் நுழைந்து, நேரே மாமாவின் காலை நோக்கி ஓடியது. மாமா சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தன் வயதை மறந்து, தேங்காய்க் குவியலின் மேல் ஏறினார். தேங்காய்கள் உருண்டன. மாமாவும் கொஞ்சம் உருண்டார். பாண் இந்தப் பக்கத்தால் வளைக்க, சம்பல் அந்தப் பக்கத்தால் பாய்ந்தாள்.

தெருவில் லொறி வந்து நின்றது. வாப்பா இறங்கினார். கம்பி முறிந்த குடையுடன் மணலில் இருக்கும் மனைவியைப் பார்த்தார். தேங்காய்களுக்கு நடுவே சாரத்தைப் பிடித்தபடி கிடக்கும் மச்சானைப் பார்த்தார். வரிசையாகக் கிடந்த பெருச்சாளிகளைப் பார்த்தார். கடைசியாக, தலைமயிர் முழுக்க மணலுடன் நின்ற மகளைப் பார்த்தார்.

“ரெண்டு நாயும் நிக்கட்டும்,” என்றார்.

*

மஃரிப் பாங்கு கேட்பதற்குள் பெருச்சாளிகளைப் புதைத்துவிட்டார்கள். பம்ப் கொட்டிலடியில் எல்லோரும் கை கழுவ வரிசையில் நின்றார்கள். சம்பல் மாமாவின் காலையும் ஆசையாக நக்கிவிட்டிருந்தாள். அதனால் மாமா எல்லோரையும்விட அதிக நேரம் மண் போட்டுக் கழுவினார்.

கழுவி முடித்தும் அவர் போகவில்லை. தொண்டையைச் செருமினார்.

“என்ட பக்கமும்… கொஞ்சம் வளை இருக்கு, புள்ள.”

“தெரியும், மாமா. நான் வேலிக்கு இந்தப் பக்கத்துல இருந்தே பார்த்தேன். நிறைய இருக்கு.”

“நாளைக்கு இதுகளைக் கூட்டிட்டு வாறியா?”

ஜுமானா நெஞ்சை நிமிர்த்தினாள். “வாறன். ஆனா அந்த நீல வாளி இருக்கிற தோட்டத்துக்கு என்ட நாய்கள் வராது. இனி ஒருநாளும் வைக்க மாட்டேன் எண்டு சொல்லணும். உம்மாகிட்டச் சொல்லணும்.”

“நிபந்தனை போடுறாள், பாரு மச்சான்!” என்றார் மாமா.

“ஓம், போடுறாள்,” என்றார் வாப்பா, சிரிக்காமல்.

மாமா தங்கச்சியைப் பார்த்தார். உம்மா முறிந்த குடையைப் பிடித்தபடி காத்து நின்றார்.

“வைக்க மாட்டன், ஸுஹைரா,” என்றார் மாமா. மெல்லத்தான் சொன்னார். காற்றாலைக்குக் கேட்டிருக்காது. ஆனால் உம்மாவுக்குக் கேட்டது.

வாப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், ஆடும் கோழியும் நாயும் எட்டாத ஆழத்தில் குழி வெட்டினார். வாளியிலிருந்ததை மாமாவே கொட்டி மூடினார்.

சனிக்கிழமை காலை, கடற்காற்று எழும்பும் முன்பே வேலிக்கு அப்பாலிருந்து மாமாவின் சத்தம் கேட்டது. “வேட்டைக்காரி! எழும்பிட்டியா?”

ஜுமானா ஏற்கெனவே தோட்டத்தில் நின்றாள். கீழ்க் கம்பியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள். முதலில் சம்பல் நுழைந்தாள். அவள் பின்னால் பாண் போனான். பிறகு ஒரு கட்டு ஈர்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜுமானா உள்ளே போய், “தள்ளி நில்லுங்க, மாமா, மணல் பறக்கும்,” என்றாள்.